உங்களுக்குத் தெரியுமா? விசைக்கு விசை ஓசை வேறு

தட்டச்சு இயந்திரத்தில் விசையைத் தட்டினால் அச்சுக்கோல் எழும்பி, மை நாடாவில் மோதி, தாளில் எழுத்து பதியும். அந்த ‘டக்’ ஓசைதான் எழுத்து விழுந்ததற்குச் சாட்சி.   

இன்றைய மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச், அதற்குள் ஒரு சுருள்வில். செர்ரி எம்எக்ஸ் வகை ஸ்விட்ச்களில் நீல நிறத்தது ‘கிளிக்’ என்று ஒலிக்கும், விரலுக்கும் சிறு தடை தெரியும். பழுப்பில் தடை மட்டும். சிவப்போ எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். மொத்த இறக்கம் 4 மி.மீ.; சிவப்பும் பழுப்பும் 2 மி.மீ.யிலேயே எழுத்தைப் பதித்துவிடும், நீலம் 2.2 மி.மீ.யில். அடிவரை குத்தவே வேண்டாம்! விசை அடியில் இடிக்கும்போதுதான் சத்தம் கூடுகிறது.

நிமிடத்துக்கு 30 சொல் கேட்கும் இளநிலைத் தட்டச்சுத் தேர்வுக்குப் பழகும் மாணவர்கள், வீட்டுப் பயிற்சிக்குக் கீபோர்டு வாங்குவதானால் பழுப்பையே பாருங்கள். எழுத்து விழுந்தது விரலுக்குத் தெரியும், தூங்குபவர்களுக்கும் தொந்தரவு குறைவு.