சிறு இயந்திரங்களில் உயர் ஊட்டத் துருவல்

உயர் ஊட்டத் துருவல் என்பது வெட்டின் ஆழத்தை மிகவும் குறைத்து, ஒவ்வொரு பல்லுக்குமான ஊட்டத்தைப் பல மடங்கு கூட்டி உலோகத்தை நீக்கும் முறையாகும். பட்டறைகளில் இதை ஹை ஃபீடு மில்லிங் என்பார்கள். டை, அச்சு வேலைகளில் ரஃபிங்குக்கு இது அதிகம் பயன்படுகிறது. கோயம்புத்தூரிலும் சென்னை அம்பத்தூரிலும் ஜாப் ஒர்க்கை நம்பியிருக்கும் சிறு பட்டறைக்கு இதில் ஓர் ஆதாயம் உண்டு. பெரிய இயந்திரம் வாங்கக் கடன்படாமலே, பி.டி. 30 ஸ்பிண்டில் கொண்ட சிறிய வி.எம்.சி.யில் எஃகை வேகமாக வெட்டலாம்.

கோணம் செய்யும் வேலை

சாதாரண 90 பாகைக் கட்டரில் ஒரு பல்லுக்கு 0.12 மி.மீ. ஊட்டம் கொடுத்தால் சீவலின் தடிமனும் ஏறத்தாழ அதே அளவுதான். உயர் ஊட்ட இன்சர்ட்டின் வெட்டு விளிம்போ, வெட்டப்படும் தளத்துடன் சுமார் 10 முதல் 15 பாகை வரையே சாய்ந்திருக்கும். சீவலின் தடிமன், ஊட்டத்தை அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைப்பது. 12 பாகைக்கு அது 0.21. ஆகவே 0.6 மி.மீ. ஊட்டத்திலும் சீவல் 0.125 மி.மீ. தடிமனில்தான் வரும். மேசை ஐந்து மடங்கு வேகமாக ஓடினாலும் சீவல் தடிப்பதில்லை.

விசையின் திசையும் மாறுகிறது. 90 பாகைக் கட்டரில் விசை பக்கவாட்டில் தள்ளிக் கருவியை வளைக்கும். அதிர்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இதில் விசையின் பெரும்பகுதி ஸ்பிண்டிலின் அச்சு வழியே மேல்நோக்கிச் செல்கிறது. இலகுவான இயந்திரமும் அந்தத் திசையில் ஓரளவு உறுதியாகவே இருக்கும்.

ஒரு கணக்கு

20 மி.மீ. விட்டமும் 2 பற்களும் கொண்ட கட்டரால் மைல்டு ஸ்டீலை வெட்டுவதாகக் கொள்வோம். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 150 மீட்டர் என்றால் சுழற்சி ஏறத்தாழ 2400. அதை 2 பற்களாலும் 0.6 மி.மீ. ஊட்டத்தாலும் பெருக்கினால் மேசை வேகம் நிமிடத்துக்கு 2880 மி.மீ. ஆழம் 0.5 மி.மீ., அகலம் 14 மி.மீ. என்று வைத்தால் நிமிடத்துக்கு 20 கன செ.மீ. எஃகு நீங்கும். இதற்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 1 கிலோவாட்தான்.

2880 என்ற எண்ணைத் திரையில் பார்த்ததும் பலர் ஊட்டத்தைத்தான் முதலில் குறைக்கிறார்கள். பயம் இயல்பானது, ஆனால் அது இன்சர்ட்டைக் கெடுக்கும். ஊட்டம் 0.1 மி.மீ.க்கு இறங்கினால் சீவல் 0.02 மி.மீ. ஆகிவிடும். இன்சர்ட் விளிம்பின் மழுங்கல் ஆரமே பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அப்போது பல் வெட்டாது, தேய்க்கும். சூடேறி விரைவில் மழுங்கும்.

இயந்திரம் திணறினால் முதலில் ஆழத்தையோ அகலத்தையோ குறைக்க வேண்டும். மேசையே நிமிடத்துக்கு 1500 மி.மீ.க்கு மேல் ஓடாது என்றால், ஒரே பல் கொண்ட கட்டர் போதும். அதே சுழற்சியில் 1440 மி.மீ. வரும். சுழற்சியைப் பாதியாக்கியும் அந்த எண்ணை எட்டலாம். ஆனால் கார்பைடு மிக மெதுவாக ஓடும்போது எஃகு அதன் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கே பொருந்தாது

அச்சு வழியே போகும் விசை வேலைப்பொருளையும் கீழ்நோக்கி அழுத்துகிறது. அடியில் தாங்கல் இல்லாத மெல்லிய தகடு வளைந்து அதிரும். கையால் சக்கரம் சுற்றும் பழைய மில்லிங் இயந்திரத்தில் இந்த ஊட்டத்தைச் சீராகக் கொடுக்க முடியாது. பள்ளத்தின் மூலைகளில் கட்டர் திடீரென அதிகப் பொருளைச் சந்திப்பதால், அங்கே மட்டும் மேசை வேகத்தைக் குறைப்பது வழக்கம். எஃகை வெட்டும்போது கூலன்ட்டை விடக் காற்று வீச்சு நல்லது. சீவல் வெளியேறும், இன்சர்ட்டும் சூட்டிலிருந்து சட்டெனக் குளிர்ந்து விரிசல் விடாது.

கேம் மென்பொருளில் கட்டரின் உண்மையான வடிவத்துக்குப் பதிலாக, தயாரிப்பாளர் தரும் ஓர் ஆர அளவையே உள்ளிடுகிறார்கள். அதனால் சுவரின் அடியில் சிறிது உலோகம் எஞ்சும். ஃபினிஷிங் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.