"பூசினாப்ல இருக்கே" என்றால் பாராட்டா, எச்சரிக்கையா? எடை கூடும் தமிழ்நாடு

இருபது வருஷத்துக்கு முன்பு, எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் போன பெண் மூன்று மாதம் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே ஒரு பெரியம்மா நிறுத்தி மேலும் கீழும் பார்ப்பார். "பரவால்லடி, பூசினாப்ல ஆயிருக்க. மாமியா வீட்ல நல்லாத்தான் வச்சிருக்காக போல" என்பார். அதோடு சோதனை முடிந்தது. மெலிந்து வந்தால்தான் விசாரணை நடக்கும். சாப்பாடு போடுறாங்களா, அடிக்கிறாங்களா, உடம்புக்கு எதுவும் வந்துடுச்சா என்று கேள்வி மேல் கேள்வி. எடை என்பது அப்போது ஒரு குடும்பத்தின் நிலவரம்.

இன்று அதே பெரியம்மாவின் பேத்தி, "ரெண்டு கிலோ ஏறிடுச்சு" என்று மத்தியானச் சோற்றைப் பாதியில் தள்ளி வைக்கிறாள். பெரியம்மாவுக்கு அது புரியவில்லை. பேத்திக்கோ, அந்தக் காலத்துப் பாராட்டு கிட்டத்தட்ட வசவு மாதிரிக் கேட்கிறது. இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் தப்பும் இருக்கிறது.

ஐந்து வருஷத்தில் என்ன ஆனது?

தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கு இது. 2015-16 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். 2019-21 ஆய்வில் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதத்திலிருந்து 37 சதவீதம். நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் பெண்களில் 24 சதவீதம், ஆண்களில் 22.9 சதவீதம்தான். அதாவது, நாட்டின் சராசரியைவிட நாம் ரொம்பவே முன்னால் நிற்கிறோம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ஆய்வு பி.எம்.ஐ. 25-ஐ எல்லையாக வைக்கிறது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 64 கிலோ இருந்தால் சரியாக 25. ஆனால் இந்திய மருத்துவர்கள் 2009-லேயே நம் உடம்புக்கு இந்த எல்லை சரிப்படாது என்று சொல்லி, 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று குறைத்துக்கொண்டார்கள். அந்த எல்லையை வைத்து எண்ணினால் இந்த 40 சதவீதம் இன்னும் மேலே போகும்.

நம் உடம்புக்கு மட்டும் ஏன் தனி எல்லை?

இதற்கு ஒரு புகைப்படம் பதில் சொல்கிறது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. இரண்டு பேருமே ஒல்லி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் உடம்பில் கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரட்டிப்புக்கும் மேல்!

நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் கை காலில் பரவாமல் வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றி உட்காருகிறது. இந்த உள்கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்துச் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி போடுகிறது. கை கால் குச்சி மாதிரி இருந்து தொப்பை மட்டும் முன்னால் வந்திருக்கும் ஆளை நம் தெருவிலேயே நாலு பேர் காட்டலாம். "நான் குண்டு இல்லையே" என்று அவர் நிம்மதியாக இருப்பார். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் பொதுவான பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஆட்கள்தான்.

அதனால் எடை மெஷினைவிட, தையல்காரரின் இஞ்சி டேப்தான் நமக்கு உண்மையைச் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. பேன்ட் சைஸை நம்ப வேண்டாம். பல பேர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறார்கள்.

அரிசிதான் வில்லனா?

எதற்கெடுத்தாலும் அரிசி மேல் பழி போடுவது இப்போது ஒரு பழக்கம். ரேஷனில் அரிசி சும்மா கொடுப்பதால்தான் இப்படி என்று பேசுபவர்களும் உண்டு. கொஞ்சம் கணக்குப் போடலாம். மாதம் 20 கிலோ அரிசியை நாலு பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 167 கிராம் கூட முழுசாக வராது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் மட்டும் ஒரு நாளைக்கு 250 கிராம் என்று இருக்கிறது. ஆக, ரேஷன் அரிசி யாரையும் குண்டாக்கிவிடவில்லை. பட்டினியைத்தான் துரத்தியது.

பிரச்சினை தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில். அதே வழிகாட்டி, மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் வழக்கத்தைப் பாருங்கள். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. மூன்று வேளையும் வேறு வேறு வேஷத்தில் வருவது ஒரே அரிசி. பருப்பு சாம்பாரில் கலங்கலாக இருக்கும். காய் ஓரத்தில் ஒரு கரண்டி. 400 கிராம் காய்கறி வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. நாலு பேர் வீட்டுக்கு அது ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இன்றைக்குக் காய் விற்கிற விலையில் எத்தனை வீட்டில் முடியும்? "நிறைய காய் சாப்பிடுங்க" என்று டாக்டர் சொல்லும்போது, அவர் பர்ஸைப் பற்றியும்தான் பேசுகிறார் என்பதை அவரே மறந்துவிடுகிறார்.

எண்ணெய்க் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம். நாலு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். நெய், கடை வடை, ஸ்நாக்ஸ் பாக்கெட்டில் உள்ள எண்ணெய் எல்லாம் அதற்குள்தான். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று மளிகை லிஸ்டை எடுத்துப் பாருங்கள். பாமாயில் ரேஷனுக்கு வந்த 2007-க்குப் பிறகு, தீபாவளிக்கு மட்டும் வடைச்சட்டி ஏறிய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி சாதாரணமாகிவிட்டது. ஏழை வீட்டுக்கும் எண்ணெய்ப் பலகாரம் எட்டியதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உடம்பு அந்த நியாயத்தையெல்லாம் பார்ப்பதில்லை.

டீ இன்னொரு கதை. இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். கடையில் நாளைக்கு ஐந்து டீ குடிப்பவருக்கு 50 கிராம் ஆகிவிடுகிறது. ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு நாள் முழுவதற்கும் 20 முதல் 25 கிராம்தான். அவர் ஒரு ஸ்வீட்கூடத் தொடாதவராக இருக்கலாம்.

வேலை போனது எங்கே?

வரப்பில் நடந்தவர் பைக்கில் போகிறார். நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்துவிட்டது. 2011-க்குப் பிறகு மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாகவே வீடு தேடி வந்தன. "அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, ஆரோக்கியமா இருந்தாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் பெரும்பாலும் ஒரு நாளும் அம்மியில் அரைக்காத ஆண்கள். அரைத்தவர்களைக் கேட்டால் தோள்பட்டை வலியைத்தான் முதலில் சொல்வார்கள்.

உழைப்பு குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் வேறு அசைவு எதுவும் வரவில்லை. "தினமும் நடங்க" என்பது சுலபமான அறிவுரை. எங்கே நடப்பது? பிளாட்பாரத்தில் கடை, தெருவில் நாய், பார்க் இருந்தால் அது ஏழு தெரு தள்ளி. காலை ஐந்தரைக்கு ஒரு ஆண் டீ-ஷர்ட் போட்டு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால் "வாக்கிங் போறார்." அதே நேரத்தில் அவர் மனைவி பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். பெண்களின் எண்ணிக்கை ஆண்களைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு எண்ணையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53 சதவீதம் பேருக்கு ரத்தம் குறைவு. இரண்டும் ஒரே பெண்ணிடம் இருப்பது அபூர்வம் இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மீன் குழம்பில் மீன் தீர்ந்து போய் குழம்பு மட்டும் இருக்கும்போது, "மிச்சம் வீணாப் போகுதே" என்று சோற்றைப் போட்டுச் சாப்பிடுகிறவர் அவர். வயிறு நிறைகிறது, இரும்புச்சத்து வருவதில்லை. பார்க்க "நல்லா இருக்காங்க." இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

கிண்டலால் எடை குறையுமா?

தமிழ் சினிமாவில் நடிகர்களின் பெயருக்கு முன்னாலேயே உடம்பை ஒட்டவைத்தோம். குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன். அவர்கள் திரையில் வந்து நின்றாலே சிரிப்பு, வசனம்கூட வேண்டாம். அதே ரசிகர்கள்தான் பூசினாற்போல இருந்த குஷ்புவைக் கொண்டாடி இட்லிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2015-ல் அனுஷ்கா 'இஞ்சி இடுப்பழகி'க்காக நிஜமாகவே எடை ஏற்றி நடித்தபோது, கிண்டல் செய்யப்படுகிற பக்கத்திலிருந்து ஒரு கதை வந்தது. இப்போது 'பாடி ஷேமிங்' என்ற வார்த்தை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிகிறது. நல்ல மாற்றம்தான்.

ஆனால் கிண்டல் செய்யும் இடம் சினிமா மட்டும் இல்லை. என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். வயது 46. ஒரு வருஷமாக ஓயாத அசதி, முடி கொட்டல், முகம் உப்பல். டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "முதல்ல வாயைக் கட்டுங்கம்மா, எல்லாம் சரியாப் போகும்" என்றார். மூட்டு வலிக்குப் போனபோதும் அதே பதில். மூன்றாவது தடவை வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் சித்தி ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. "அங்க போயி அசிங்கப்படவா?" என்றுவிட்டார். எட்டு மாதம் கழித்து வேறொரு இடத்தில் ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைவு என்று தெரிந்தது. அவர் எடை ஏறியதற்கு வாய் மட்டும் காரணம் இல்லை.

எடையைப் பற்றி டாக்டர் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசாமல் விட்டாலும் ஆபத்துதான். ஆனால் எடையைப் பார்த்ததோடு பரிசோதனை முடிந்துவிடக் கூடாது. தைராய்டு, பெண்களுக்கு சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, சில மனநோய் மாத்திரைகள், ஸ்டீராய்டு, தூக்கமின்மை எல்லாமே எடையை ஏற்றக் கூடியவை. 2025 ஜனவரியில் லான்செட் குழு ஒன்று பருமனை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. உறுப்புகளின் வேலை ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் ஒரு வகை, கொழுப்பு கூடியும் இன்னும் பாதிப்பு வராதவர்கள் இன்னொரு வகை. வெறும் பி.எம்.ஐ.யை வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லிவிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

ஊசி போட்டால் போதுமா?

மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. குடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மருந்துகள் இவை. வயிறு காலியாவதைத் தாமதமாக்கும், "போதும்" என்ற செய்தியை மூளைக்குச் சீக்கிரம் அனுப்பும். பலன் நிஜம். வெகோவியில் உள்ள செமாக்ளுடைடை வைத்து நடந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நூறு கிலோ ஆள் 85 ஆவது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் மருந்தை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. பிரஷர் மாத்திரை மாதிரி இது நீண்ட கால மருந்து, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. குமட்டல், வாந்தி வரலாம். கொழுப்போடு தசையும் குறையும். நமக்கு ஏற்கெனவே தசை குறைவு என்பதால், இதைப் போடுபவர்கள் முட்டை, பருப்பு, மீன் போன்ற புரத உணவையும் கொஞ்சம் பளு தூக்கும் பயிற்சியையும் விட முடியாது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சித்தி இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறார். தெருவில் நாய்த் தொல்லை என்று மொட்டை மாடியில் நடக்கிறார். ராத்திரி தோசை மூன்று இரண்டாகி, பக்கத்தில் ஒரு முட்டை வந்திருக்கிறது. எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பழைய பெரியம்மா அவரை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார்.

"என்னத்தா இப்படி இளைச்சுப் போயிட்ட? வீட்ல எதுவும் பிரச்சனையா?"