பேசாப் பொருளும் பேசும்

வீட்டு மூலையில் பழைய நீத்துப்பெட்டி ஒன்று கிடக்கிறது. "அம்மம்மா, இது என்ன?" என்று பேரன் கேட்கிறான். அம்மம்மா அதிலே பிட்டு அவித்த காலத்தைச் சொல்கிறார். கதை முடியும்போது அவ்வோலைப் பொருள் அவனுக்கும் உரியதாகிவிடுகிறது. நூதனசாலையின் தொழிலும் இதுவன்றோ?

யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையிலே கந்தரோடையிற் கண்டெடுத்த பழம்பொருள்கள் உள்ளன. அவ்வூரில் 1917ஆம் ஆண்டளவில் வரலாற்றறிஞர் போல் பீரிஸ் ஆய்வு நடத்தினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தனர். உரோம நாணயங்களும் கிடைத்த ஊர் அது.

இன்று இப்பொருள்களைக் காண வருவோர் பலதிறத்தினர். கனடாவிற் பிறந்து தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளும், தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவர்களும் அவர்களுள் அடங்குவர். "இதில் எனக்கு என்ன பங்கு?" என்பதே ஒவ்வொருவர் மனத்திலும் எழும் வினா. கந்தரோடையின் சிறு தாதுகோபங்களைச் சிங்களவர் தம் முன்னோர் சுவடு என்பர்; தமிழரோ தமிழ்ப் பௌத்தத்தின் சுவடு என்பர். அறிஞர் எதனை எவ்வாறு அறிந்தனர் என்பதை மூன்று மொழிகளிலும் நேர்மையாக எழுதி வைத்தால், இரு சாராரும் ஒரே பேழையின் முன் நின்று உரையாடலாம். பெயரும் காலமும் மட்டும் எழுதிய சீட்டு அதற்குப் போதாது.

தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் 'ஆறாம் வட்டாரம்' என்றொரு பகுதி இருந்தது. 1966இல் அது வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த ஏனையோர் வெளியேற்றப்பட்டனர். 1994இல் அவர்களின் நினைவுக்கென ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அதன் தரையிலே பழைய தெருக்களின் பெரும்படம் விரிந்திருக்கிறது. முன்னாள் குடியிருப்பாளர் தத்தம் வீடிருந்த இடத்தில் பெயரை எழுதினர். பார்க்க வந்தவர்களே நூதனசாலையை ஆக்கியவர்களுமாயினர்.

நமக்கும் இதிற் பாடமுண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் மீண்டு வந்த குடும்பங்களும் உள. சோனகத்தெருவின் படமொன்றை நாமும் விரித்து, "உங்கள் வீடு எது?" என்று அவர்களைக் கேட்டால் என்ன? கடலோடியும் பனைத்தொழிலாளியும் தம் கருவிகளைக் கொணர்ந்து பயனை விளக்கினால் என்ன? மாணவர்கள் அவற்றைக் கேட்டு எழுதி, வருவோர்க்கு எடுத்துரைக்கலாமே!

பொருளைப் பேழையிற் பூட்டிக் காக்கலாம். கதையை அவ்வாறு காத்தல் இயலாது. அதனை அறிந்த முதியோர் நாள்தோறும் குறைகின்றனர். அடுத்த ஞாயிறு அம்மம்மாவின் கையைப் பிடித்து நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.