ஆரோவில் காடாக்கம்

ஆரோவில் காடாக்கம் என்பது, நகரங்களை விட்டு வந்து விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் குடியேறியவர்கள், அங்கிருந்த வறண்ட செம்மண் மேட்டுநிலத்தைக் காடாக மாற்றிய பணியாகும். இப்பகுதி திண்டிவனத்துக்குத் தென்கிழக்கே, புதுச்சேரிக்கு வடக்கே உள்ளது.

பின்னணி

ஸ்ரீ அன்னை எனப்படும் மிர்ரா அல்பாசா 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில்லைத் தொடங்கி வைத்தார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் 50,000 பேர் வாழும் நகராக அதை வடிவமைத்தார். ஆனால் அன்று அங்கிருந்தது வெறும் பொட்டல். மரங்கள் வெட்டப்பட்டதால் மழைநீர் மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டு சென்றது. கோடையில் நிழலும் கிடைக்கவில்லை.

பணிகள்

எனவே குடியேறியவர்கள் முதலில் மண்ணையும் நீரையும் காக்க வேண்டியிருந்தது. மழைநீர் விழுந்த இடத்திலேயே ஊறுவதற்கு நிலத்தைச் சுற்றி மண்கரைகள் எழுப்பினர். ஓடைப்பள்ளங்களில் தடுப்பணைகள் கட்டினர். சுற்றுக் கிராம மக்களும் இவ்வேலைகளில் ஈடுபட்டனர். விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்கள் முதலில் நிழல் தந்தன. பின்னர் கருங்காலி, வீரை போன்ற உள்நாட்டு மரங்கள் நடப்பட்டன. இவை சோழமண்டலக் கரையில் காணப்படும் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களாகும்.

சர்ச்சை

நகருக்காக வரையப்பட்ட நிலத்திலேயே காடு வளர்ந்ததால் சிக்கல் எழுந்தது. 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டதைக் குடியிருப்போரில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். சுற்றுச்சூழல் அனுமதி பெறும்வரை கட்டுமானம் கூடாது என 2022 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது.