மந்திரவாதியா, மல்லனா?

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டில் படை திரட்டுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தலைமை யாருக்கு என்பதை. ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள பொம்மை வீரர்கள், அளவுநாடா, பகடை: கருவிகள் இவ்வளவுதான். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இரு தரப்பும் ஒரே மொத்தத்துக்குள் அடங்க வேண்டும். இவ்வகையில் பெரும்பெயர் பெற்றது, 1983-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வார்ஹாமர். 2010-இல் வந்த அதன் எட்டாம் பதிப்பின்படி, உயர்நிலைத் தலைவர்களுக்குப் படை மதிப்பில் கால் பங்குக்கு மேல் செலவிடக்கூடாது. 2,000 புள்ளிப் படைக்கு அது 500. நல்ல ஆயுதங்களோடு ஒருவரைச் சேர்த்தாலே பெரும்பாலும் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். அந்த ஒருவர் முன்வரிசையில் வாளெடுத்து நிற்பவரா, பின்னால் நின்று மந்திரம் ஏவுபவரா?

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் கேட்டு, விடிய விடியத் தெருக்கூத்தும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. போருக்குத் துணை தேடித் துரியோதனனும் அர்ச்சுனனும் துவாரகைக்குப் போகிறார்கள். ஆயுதம் எடுக்காத கண்ணன் ஒரு பக்கம், அவனுடைய பெரும் சேனை மறுபக்கம். அர்ச்சுனன் கண்ணனைக் கேட்கிறான். சேனை கிடைத்த மகிழ்ச்சியில் துரியோதனன் திரும்புகிறான். புள்ளிக் கணக்கு மட்டும் பார்த்தால் துரியோதனன் செய்ததில் தவறே இல்லை. எண்ணிக்கையில் அவனுக்குத்தான் லாபம். ஆனால் எண்ணிக்கை அவனிடம் ஏற்கெனவே இருந்தது.

விளையாட்டில் வாள்வீரத் தலைவரின் பலம், நம்பகம். அவர் சேர்ந்த அணி மோதும் இடத்தில் எதிரி சரிவது ஏறக்குறைய உறுதி. மனவுறுதி என்ற மதிப்பும் அவருக்கு அதிகம். பன்னிரண்டு அங்குலத் தொலைவுக்குள் நிற்கும் அணிகள் அதைத் தமதாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு பகடை உருட்டி, அந்த மதிப்பைத் தாண்டாமல் விழுந்தால் அணி ஓடாது. மதிப்பு 9 என்றால் 36 வாய்ப்புகளில் 30 சாதகம். 8 என்றால் 26. மனிதப் பேரரசுப் படையில் தளபதிக்கு 9, பெரிய மந்திரவாதிக்கு 8. ஒரு புள்ளிதானே என்று விட்டவர்கள், தோற்று ஓடும் அணிகளை வேடிக்கை பார்க்க நேரும். வாள்வீரரின் குறை வேறு: அவர் கை, நிற்கும் இடத்தோடு சரி. கெட்டிக்கார எதிரி மலிவான சிறு அணியொன்றை அவர் முன்னால் தள்ளிவிட்டு, வேறு பக்கம் ஆட்டத்தை முடித்துவிடுவார்.

மந்திரவாதியின் கை களம் முழுதும் நீளும். எங்கோ திணறும் அணிக்கு வலுவேற்றலாம், நெருங்கவே முடியாத அரக்கனைத் தொலைவிலிருந்து சாய்க்கலாம். ஆனால் அவர் பலத்தைப் பகடை தீர்மானிக்கிறது. எட்டாம் பதிப்பில் ஒவ்வொரு மந்திரக் கட்டத்துக்கும் இரண்டு பகடை உருட்டப்படும். கூட்டுத்தொகை எவ்வளவோ அத்தனை பகடை ஏவுபவருக்கு. இரண்டில் பெரிய எண் எதுவோ அத்தனை, தடுப்பவருக்கு. மந்திரம் ஏவ உருட்டும் பகடைகளில் இரண்டு ஆறு விழுந்தால் அந்த மந்திரத்தை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அது ஏவியவரையே திருப்பித் தாக்கும். பெரிய மந்திரவாதி தன் வித்தையாலேயே செத்துப்போவது இந்த விளையாட்டில் அபூர்வம் அல்ல.

மந்திரத்தின் இன்னொரு சிக்கலுக்குக் கர்ணனே சாட்சி. இந்திரன் தந்த சக்தி ஆயுதத்தை ஒரே ஒருமுறைதான் ஏவ முடியும். அர்ச்சுனனுக்கென்று அவன் அதைப் பத்திரப்படுத்தியிருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோற்கசன் மாயப் போர் செய்து கௌரவ சேனையைக் கலக்க, அவன்மேல் அதை ஏவ வேண்டியதாயிற்று. பாண்டவர்கள் அழுதார்கள், கண்ணன் மகிழ்ந்தான். வார்ஹாமரிலும் எதிரி மந்திரத்தை ஒரே தடவை அடியோடு முறிக்கும் ஓலை உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் முதலில் ஒரு சில்லறை மந்திரத்தை மிரட்டலாக விட்டு, எதிரியை அந்த ஓலையைச் செலவழிக்க வைப்பார்.

உண்மைப் போர்களை மேசையில் நடத்தும் விளையாட்டுகளில் மந்திரம் கிடையாது. அதன் இடத்தில் ஆணையும் தொலைவிலிருந்து வரும் குண்டும் இருக்கின்றன. இதற்குக் கடலூர் மாவட்டத்திலேயே களம் இருக்கிறது. 1781 ஜூனில் ஹைதர் அலியின் ஆட்கள் சிதம்பரம் கோயில் மதிலைக் கோட்டையாக்கிக் காத்தார்கள். அதைத் தாக்கிய கம்பெனித் தளபதி அயர் கூட் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டை அருகே ஹைதரின் பெரும்படை வழிமறித்தது. கூட்டிடம் இருந்தது அதில் சிறு பங்கு. அவர் அரண் செய்த முகப்பில் மோதாமல் கடலோர மணல்மேடுகள் பக்கம் சுற்றிப்போனார். மேடுகளைப் பிடித்த அணிமேல் பாய வந்த குதிரைப்படையைக் கரையோரக் கப்பலின் பீரங்கி கலைத்தது. வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாற்றின்படி, ஹைதர் மேட்டில் சம்மணமிட்டு அமர்ந்தபடி, தோற்றது தெரிந்தும் எழ மறுத்தார். பழைய குதிரைக்காரன் ஒருவன் உரிமையோடு காலை இழுத்துச் செருப்பை மாட்டிக் குதிரையேற்ற வேண்டியிருந்தது. வென்ற கூட் அப்போது உடல்நலம் குன்றிய ஐம்பத்தைந்து வயதுக்காரர். ‘பிளாக் பவுடர்’ போன்ற விதிநூல்கள் இத்தகைய தளபதியின் வாள்திறனைப் பெரிதாக மதிப்பதில்லை; இரண்டு பகடையில் அவருடைய ஆணை நிறைவேறுகிறதா என்றுதான் பார்க்கின்றன.

ஆகவே படையில் எது ஏற்கெனவே இருக்கிறதோ அதையே தலைவரிடம் மறுபடி வாங்கக்கூடாது. குதிரையும் கவசமும் நிறைந்து, தானே உடைத்துக்கொண்டு போகும் படைக்கு மந்திரவாதி. வில்லும் பீரங்கியும் நிறைந்து, எளிதில் அஞ்சும் காலாட்படைக்கு உறுதியான வாள்வீரர். குள்ளர் படைக்கு மந்திரவாதியே கிடையாது, அங்கே கேள்வியும் இல்லை. இரத்தக்காட்டேரித் தலைவர் இரண்டு வேலையும் செய்வார். ஆனால் அவர் விழுந்தால் படையே உதிரத் தொடங்கும். 2,000 புள்ளிக்கு மேற்பட்ட ஆட்டத்தில் எதிரியிடம் பெரிய மந்திரவாதி இருக்க வாய்ப்பு அதிகம். தடுக்கவாவது ஒருவர் வேண்டும். அப்போது தலைமையை மந்திரவாதிக்குக் கொடுத்து, கொடி பிடிக்கும் இரண்டாம் நிலை வீரரை முன்வரிசையில் நிறுத்துவதே லாபம். 1,000 புள்ளிச் சிறு ஆட்டத்தில் வாள்வீரர் போதும்.