டிராக்டருக்கு ஏற்ற ரிவர்ஸிபிள் கலப்பை: சைதாப்பேட்டைப் பண்ணை கற்பித்த பாடம்

அகல உழுவதினும் ஆழ உழுவது மேல் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் எவ்வளவு ஆழம், எந்த மண்ணில், எந்த விசையைக்கொண்டு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் ஆழ உழ முற்படுவோர் கைப்பொருளையும் இழப்பர். நிலத்தின் சீரையும் கெடுப்பர். மண்ணை இருபுறமும் புரட்டவல்ல ரிவர்ஸிபிள் கலப்பைகள் இப்போது விவசாயிகளிடையே பரவி வருகின்றன. இவை நல்ல கருவிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடன் பெற்றுக் கலப்பையை வாங்கி வந்தபின், தம் டிராக்டர் அதைத் தூக்க மாட்டாமல் முன்சக்கரம் நிலத்தைவிட்டு எழும்புவதைக் கண்டு திகைக்கும் நிலை எவருக்கும் நேரலாகாது. வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சைதாப்பேட்டையில் நடந்தது

சென்னை நகரின் தென்பகுதியில், அடையாற்றை அடுத்துள்ள சைதாப்பேட்டை இன்று கட்டடங்கள் நெருங்கிய இடம். தியாகராய நகரும் நந்தனமும் அதன் அண்டைப் பகுதிகள். அங்கே ஒரு காலத்தில் அரசாங்கத்தின் விவசாயப் பரிசோதனைப் பண்ணை இருந்தது. 1861 முதல் 1866 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த ஸர் வில்லியம் டெனிஸன் பொறியாளர் படையில் பணிபுரிந்தவர். யந்திரங்களில் நம்பிக்கை மிகுந்தவர். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை முதலிய கருவிகள் அவர் காலத்தில் தருவிக்கப்பட்டன. அவற்றைப் பரீக்ஷித்துப் பார்க்கும் பொருட்டு 1865-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டைப் பண்ணை ஏற்பட்டது. 1876-ல் அங்கே ஒரு விவசாயக் கல்லூரியும் அமைந்தது. அது 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுவே.

நீராவிக் கலப்பை இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற கருவி. ஜான் பௌலர் என்பவர் அமைத்த கலப்பைக்கு 1858-ல் அந்நாட்டு ராயல் விவசாய சங்கம் 500 பவுன் பரிசளித்தது. இம்முறையில் யந்திரம் வயலுக்குள் இறங்குவதில்லை. அது வயலின் ஓரத்தில் நின்றுகொண்டு, எஃகு வடத்தால் கலப்பையை இப்புறமும் அப்புறமும் இழுக்கும். கலப்பையோ ஏற்றத்தாழ்ப் பலகைபோல் நடுவில் இரு சக்கரங்களின்மேல் அமைந்தது. அதன் ஒரு பாதியிலுள்ள கொழுக்கள் மண்ணில் உழும்போது மறுபாதிக் கொழுக்கள் மேலே தூக்கி நிற்கும். திரும்பி வருகையில் இது மேலேறும், அது கீழிறங்கும். கலப்பையைத் திருப்பாமலே போவதும் வருவதும் உழவாயின. இன்றைய ரிவர்ஸிபிள் கலப்பையின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் நீராவி உழவு நம் நாட்டுக் குடியானவரிடையே பரவவில்லை. பெரிய வெளிகளுக்கென்று பிறந்த அந்த யந்திரம் வரப்பு கட்டிய சிறு வயல்களுக்கும், குறுகிய வண்டிப் பாதைகளுக்கும், மாட்டைத் தவிர வேறு விசை இல்லாத குடும்பங்களுக்கும் பொருந்தவில்லை. விறகும் நிலக்கரியும் பழுதுபார்க்கும் கையாட்களும் கிராமத்தில் கிடைப்பதும் அரிதாயிற்று. பின்னர் சைதாப்பேட்டைப் பண்ணையார், உள்ளூர் மாடுகள் இழுக்கக்கூடிய இலேசான இரும்புக் கலப்பைகளின் பக்கம் கருத்தைத் திருப்பினர். 1889 முதல் 1891 வரை இந்தியாவைச் சுற்றிப்பார்த்த டாக்டர் வோல்க்கர் என்னும் நிபுணரும், நாட்டுக் கருவிகள் இவ்விடத்து நிலைமைக்குப் பெரும்பாலும் ஏற்றவையே என்று தம் அறிக்கையில் தெரிவித்தார். கருவியின் சிறப்பு வேறு, அது நம்மிடமுள்ள விசைக்கும் நிலத்துக்கும் பொருந்துவது வேறு. இதுவே சைதாப்பேட்டை கற்பித்த பாடம்.

டிராக்டர் வந்தபின்

நீராவி யந்திரத்தால் இயலாததை டிராக்டர் சாதித்தது. ஹாரி பெர்கூஸன் என்பவர் அமைத்த மூன்று முனை இணைப்பினால், பின்னால் உருட்டி இழுக்கப்பட்ட கலப்பை டிராக்டரோடு ஒன்றாய்ச் சேர்ந்தது. ஹைட்ராலிக் தூக்கியால் அதை வேண்டும்போது உயர்த்தவும் தாழ்த்தவும் இயன்றது. உழும்போது கலப்பையின் பாரத்தில் ஒரு பகுதி பின்சக்கரங்களின்மேல் அழுந்தி, அவை மண்ணைப் பற்றுவதற்கும் துணைசெய்தது. 1960-ல் மாஸி பெர்கூஸன் கம்பெனியின் கூட்டுறவோடு சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கப்பட்டது முதல் இவ்வமைப்புள்ள டிராக்டர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு மிகவும் பழக்கமாயின.

சாதாரண வளைபலகைக் கலப்பை மண்ணை வலப்புறம் மட்டுமே புரட்டும். ஆகவே வயலை விளா விளாவாகப் பிரித்துச் சுற்றிச் சுற்றி உழ வேண்டும். ஒவ்வொரு விளாவின் இடையிலும் ஒரு மேடோ ஒரு பள்ளமோ நின்றுவிடும். நன்செய் வயலில் இது சிறு குறையன்று. மேட்டில் நீர் ஏறாது, பள்ளத்தில் நீர் தேங்கும், நாற்று ஒரு சீராக வளராது. மட்டம் செய்வதற்கு மறுபடியும் செலவாகும். ரிவர்ஸிபிள் கலப்பையில் வலப்புறம் புரட்டும் கொழுக்களும் இடப்புறம் புரட்டும் கொழுக்களும் மேலும் கீழுமாக ஒரே சட்டத்தில் அமைந்துள்ளன. வரப்போரத்தில் கலப்பையைத் தூக்கிச் சட்டத்தைப் புரட்டிவிட்டு, வந்த சாலை ஒட்டியே திரும்பி உழலாம். மண் முழுவதும் ஒரே திசையில் விழும். மேடு பள்ளம் ஏற்படாது. சரிவான புன்செய்யில் மண்ணை மேட்டுப்பக்கமாகவே புரட்டிச்செல்லலாம். நீண்டு ஒடுங்கிய வயல்களில் வெற்றோட்டமும் குறையும்.

இழுவை வேறு, எடை வேறு

விவசாயிகள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "எத்தனை குதிரைச் சக்தி வேண்டும்?" என்பதே. அக்கேள்வி போதாது.

ஒரு கொழு 30 செ.மீ. அகலமும் 20 செ.மீ. ஆழமும் உழுவதாகக் கொள்வோம். அது வெட்டும் மண்ணின் முகம் 600 சதுர செ.மீ. வண்டல் கலந்த செம்மண்ணில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் அரைக் கிலோ இழுவை எனில், ஒரு கொழுவுக்கு 300 கிலோ, இரண்டு கொழுக்களுக்கு 600 கிலோ இழுவை வேண்டும். இறுகிய களிமண்ணில் இது 1,000 கிலோவை நெருங்கும். இரட்டைக் கொழு ரிவர்ஸிபிள் கலப்பையிலும் ஒரு சமயத்தில் மண்ணில் இருப்பவை இரண்டு கொழுக்களே. ஆகவே இழுவையில் அதற்கும் சாதாரண இரட்டைக் கொழுக் கலப்பைக்கும் பெரிய பேதமில்லை.

பேதம் எடையில் இருக்கிறது. கொழுக்கள் நான்கு, அவற்றைத் தாங்கும் சட்டம், புரட்டும் அச்சு, சிலிண்டர் எல்லாம் கூடுதல் பாரம். இரட்டைக் கொழு ரிவர்ஸிபிள் கலப்பை சுமார் 400 கிலோ எடையுள்ளது. மூன்று கொழுவுள்ளது அதனினும் மிகுதி. இழுப்பதற்குப் போதிய வலுவுள்ள டிராக்டரும் இதைத் தூக்கிக்கொண்டு திரும்ப மாட்டாமல் தவிப்பது இதனாலேயே.

ஒரு கணக்கு

டிராக்டரின் எடை 1,900 கிலோ, முன் அச்சில் இருப்பது 760 கிலோ, இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1.9 மீட்டர் எனக் கொள்க. 420 கிலோ எடையுள்ள இரட்டைக் கொழுக் கலப்பையின் எடைமையம் பின் அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் இருக்கிறது. 420-ஐ 1.4-ஆல் பெருக்கி 1.9-ஆல் வகுத்தால் சுமார் 310 வரும். கலப்பையைத் தூக்கியவுடன் முன் அச்சிலிருந்து இத்தனை கிலோ பாரம் நீங்கும். எஞ்சுவது 450 கிலோ. டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 380 கிலோ, முன்சக்கரங்களின்மேல் நின்றால்தான் வண்டி ஓட்டுபவன் சொற்கேட்கும். ஆகவே இக்கலப்பை பொருந்தும்.

அதே டிராக்டரில் 600 கிலோ எடையுள்ள மூன்று கொழுக் கலப்பையை மாட்டினால், அதன் நீளமும் கூடுதலாதலால் எடைமையம் 1.7 மீட்டருக்குப் போகும். முன் அச்சிலிருந்து சுமார் 537 கிலோ நீங்கி, 223 கிலோவே எஞ்சும். வரப்பேறும்போதும் சாலையில் பள்ளத்தைக் கடக்கும்போதும் முன்சக்கரம் எழும்பும்; வண்டி கவிழவும் கூடும். முன்புறம் எடைக் கட்டைகள் பூட்டி இதை ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் டயர், அச்சு, தூக்கி ஆகியவற்றின் எல்லையை மீறலாகாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, தூக்கும் திறன். விற்பனையாளர் கூறும் கிலோக் கணக்கு இணைப்புக் கைகளின் முனையில் அளந்ததா, அதற்குச் சுமார் 60 செ.மீ. பின்னால் அளந்ததா என்று கேட்க வேண்டும். பின்னால் போகப்போகத் திறன் குறையும். மத்தியப் பிரதேசத்தில் பூத்னி என்னுமிடத்திலுள்ள மத்திய அரசின் பண்ணை யந்திரப் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. அவ்வறிக்கையின் எண்களே நம்பத்தக்கவை.

இரண்டாவது, ஹைட்ராலிக் வாய். சட்டத்தை எண்ணெய் அழுத்தத்தால் புரட்டுவதற்கு டிராக்டரில் புறவாய்கள் வேண்டும். இருபுறமும் தள்ளும் சிலிண்டருக்கு இரண்டு குழாய்கள் தேவை. அவ்வசதி இல்லாத பழைய டிராக்டருக்கு, நெம்புகோலால் புரட்டும் வகையே பொருந்தும்.

மூன்றாவது, இணைப்பு ஊசிகளின் பருமன். கீழ்க் கைகளின் ஊசி சிறு டிராக்டர்களில் 22 மி.மீ., பெரியவற்றில் 28 மி.மீ. ஆகும். துளை பெரிதும் ஊசி சிறிதுமாய் மாட்டினால் கலப்பை ஆடும். துளை விரைவில் தேயும்.

நான்காவது, சக்கர அகலம். ஒரு பக்கச் சக்கரம் சாலுக்குள் ஓடுவதால், முதற்கொழு அச்சக்கரத்தின் உள்விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும். ரிவர்ஸிபிள் கலப்பையில் சால் ஒரு நடையில் வலப்புறமும் மறு நடையில் இடப்புறமும் அமையும். ஆகவே இருபுற அளவும் ஒன்றாயிருத்தல் அவசியம். சாதாரணக் கலப்பைக்கு வலப்புறத் தூக்குத் தண்டின் நீளத்தை மாற்றி மட்டம் செய்து பழகியவர்கள் இங்கும் அவ்வாறே செய்தல் பிழை. தண்டுகள் இரண்டும் சம நீளமாயிருக்க வேண்டும். சாய்வைக் கலப்பைத் தலையிலுள்ள திருகுகளால் தனித்தனியே திருத்த வேண்டும்.

ஐந்தாவது, சக்கர வழுக்கல். பின் டயரில் சுண்ணாம்பால் ஓர் அடையாளமிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க. பின்பு உழுதுகொண்டே அவ்வாறு அளக்க. முன்னது 40 மீட்டர், பின்னது 35 மீட்டர் எனில் வழுக்கல் நூற்றுக்கு 12½. நூற்றுக்கு 15 வரை பொறுக்கலாம். அதற்குமேல் போனால் டயரும் டீசலும் வீணாகின்றன, அடிமண்ணும் இறுகுகிறது. ஆழத்தைக் குறைப்பதே முதல் மருந்து. விற்பனையாளர் தம் நிலத்தில் காட்டும் செய்முறையோடு நில்லாமல், வாங்குபவர் தம் வயலிலேயே இச்சோதனையைச் செய்விப்பது நலம்.

மண்ணும் பருவமும்

கோடை மழைக்குப்பின், கையில் பிடித்த மண் உருண்டையாகி விரலால் அழுத்தினால் உதிரும் பதமே வளைபலகை உழவுக்கு உகந்தது. ஈரம் மிஞ்சினால் மண் பலகையில் ஒட்டி வாராய் எழும்பும். காய்ந்தால் பாறைபோல் கட்டி எழும்பும். கல்லும் வேரும் நிறைந்த நிலத்துக்கும், வெடித்து இறுகிய நிலத்துக்கும் சட்டிக் கலப்பையே தக்கது. தண்ணீர் கட்டிச் சேறாக்கும் வேலைக்கு ரிவர்ஸிபிள் கலப்பையைப் பயன்படுத்த வேண்டுவதில்லை. மேல்மண் ஆழமற்ற இடத்தில் ஒரே ஆண்டில் ஆழ உழுது அடிச்சரளையை மேலே கொணர்வது கேடு. ஆண்டுக்கு ஓர் அங்குலமாக ஆழத்தைக் கூட்டுவதே முறை.

வாங்குவதா, வாடகைக்குப் பிடிப்பதா?

அறுபது செ.மீ. அகலமுள்ள இரட்டைக் கொழுக் கலப்பை, மணிக்கு நாலரைக் கிலோமீட்டர் வேகத்தில், திருப்பங்களுக்கு நூற்றுக்கு 25 கழித்தபின், ஒரு மணியில் சுமார் அரை ஏக்கர் உழும். பத்து ஏக்கர் உடையவருக்கு ஆண்டில் ஓர் உழவுக்கு இருபது மணி வேலையே உண்டு. அதற்காகச் சொந்தக் கலப்பை வாங்கி மற்ற நாளெல்லாம் கொட்டகையில் துருப்பிடிக்க விடுவது சிக்கனமாகாது. பல விவசாயிகள் கூடி வாங்குவதும், கூட்டுறவுச் சங்கத்திலோ வேளாண்மைப் பொறியியல் துறையிலோ வாடகைக்குப் பெறுவதும் உசிதம். அத்துறையின் தலைமை அலுவலகம் பழைய சைதாப்பேட்டைப் பண்ணைக்கு அண்மையில், நந்தனத்தில் இருப்பது பொருத்தமே. மானியத்தின் விதிகள் மாறக்கூடியவையாதலால், விலை பேசுமுன் தம் பகுதி உதவிப் பொறியாளரிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கிராம அலுவலர்களும் இதில் துணைபுரியலாம். மானிய மனுவுக்கு வேண்டிய சிட்டா, அடங்கல் முதலியவற்றைத் தாமதமின்றிக் கிடைக்கச் செய்யலாம். வரப்பின் அடிவரை சென்று உழும் இக்கலப்பையினால் புல எல்லைக் கற்கள் பெயராதபடி, உழவுப் பருவத்துக்கு முன்னரே எச்சரிக்கலாம்.

ஸர் வில்லியம் டெனிஸனின் காலத்தில் கருவி முதலில் வந்தது. அதற்கேற்ற நிலமும் விசையும் பின்னர் தேடப்பட்டன. அச்செலவை அரசாங்கம் தாங்கிற்று. இன்று அப்பிழை நேர்ந்தால் தாங்க வேண்டியவர் தனி விவசாயியே. ஆகையால் முதலில் மண்ணையும், அடுத்து டிராக்டரையும், அதன் பின்னரே கலப்பையையும் நோக்கித் தெரிந்தெடுப்பாராக.