தேக்கம்பட்டிப் பாட்டியார்

நூறு வயதைக் கடந்த பின்னும் தம் தோட்டத்துக்குச் சென்று வேலை பார்த்து வந்த ஒரு மூதாட்டியாரைப் பற்றி அங்கத்தினர்களிற் பலர் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் அம்மையாரே அவர். 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. 2024 செப்டம்பர் 27ஆம் நாள் அவர் காலமானார். அச்செய்தி வந்தபொழுது அனுதாபத்துடன் படித்துவிட்டு நாமும் மற்றவர்களைப் போல மறந்துபோயிருப்போம். மறவாதபடி செய்தது திருவேங்கடம் பக்கத்துக் கிழவி ஒருவர் கேட்ட கேள்வி. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

அம்மையார் 1914ஆம் ஆண்டு தேவலாபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். நம் நாட்டிற் கூட்டுறவுச் சட்டம் பிறந்து அப்பொழுது பத்தாண்டுகளே ஆகியிருந்தன. இளம் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்தார். அவரையும் உடன்பிறந்த சகோதரியர் இருவரையும் தேக்கம்பட்டிக்கு அழைத்து வந்து வளர்த்தவர் தந்தையைப் பெற்ற பாட்டியார். அப்பாட்டியார் ஊரிற் பலசரக்குக் கடை ஒன்று நடத்தி வந்தார். அவர் காலத்துக்குப் பின் கடை பேத்தியின் கைக்கு வந்தது. பேத்தி அதனோடு சாப்பாட்டுக் கடை ஒன்றையும் நடத்தினார். அவ்வருவாயில் மிச்சம் பிடித்து, ஊரிலேயே சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்.

இவ்விடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டுகிறோம். விருதைப் பற்றியும், நூறு வயதிலும் குன்றாத உடல் நலத்தைப் பற்றியும் எழுதியவர்கள் ஏராளம். அவர் தேநீரும் காப்பியும் விட்டு வெந்நீர் அருந்தியதையும், வாழையிலையிற் சாப்பிட்டதையும், ஆட்டிறைச்சிப் பிரியாணியில் அவருக்கிருந்த பிரியத்தையுங்கூட எழுதினார்கள். (வெந்நீரைப் பின்பற்றுவோரை விடப் பிரியாணியைப் பின்பற்றுவோரே மிகுதியாயிருப்பர் என்பது நம் எண்ணம்.) ஆனால் கடையில் விற்ற உப்பு, புளியின் இலாபம் சிறுகச் சிறுகச் சேர்ந்து நிலமாக மாறியதே அவ்வாழ்க்கையின் நடுத்தூண் என்று நமக்குத் தோன்றுகிறது. கணக்கு ஏடுகளோடு நாள் கழிப்பவர்களின் கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும் போலும்.

நாம் கூறும் காலத்தின் சட்டம் எப்படிப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை 1937ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அதனை முழு உரிமையாக்கியது 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம். பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத மகளுக்கு மகனோடு சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடின்றி நாடு முழுவதற்கும் அவ்வுரிமை வந்தது 2005இல். அம்மையாரோ இவற்றுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பாட்டி விட்டுச் சென்ற கடையும், தாம் சேர்த்த காசும் இருந்தன. தந்தை வழியோ கணவன் வழியோ வராத நிலம் அது.

நிலம் வந்த பிறகு மற்றவை வந்தன. சோளம், பயறு, சிறுதானியம், காய்கறி, வாழை என்று பயிரிட்டார். இரசாயன உரத்தை விலக்கி இயற்கை முறையைக் கைக்கொண்டார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உழவர் விவாதக் குழுவிற் சேர்ந்து, படித்த நிபுணர்களோடு சரிசமமாக அமர்ந்து பேசினார். தேக்கம்பட்டி ஊராட்சியில் உறுப்பினராகவும், காரமடை ஊராட்சி ஒன்றியத்திற் கவுன்சிலராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதுமை மேலிட்டதும் பெரும் பகுதியை விற்றுவிட்டு, தம்மாற் பார்த்துக்கொள்ளக் கூடிய இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். இயன்ற அளவு எது என்று அறிந்து கணக்கைச் சுருக்கிக்கொள்ளும் அந்த விவேகம் நம் சங்கங்கள் சிலவற்றுக்கே இல்லை!

2021 பிப்ரவரியிற் கோயம்புத்தூருக்கு வந்த பிரதம மந்திரி அவரைச் சந்தித்து வணங்கினார். அம்மையாரோ திராவிட முன்னேற்றக் கழகத்தின் நெடுநாள் உறுப்பினர். கட்சிப் பேச்சு இவ்வேட்டுக்கு உரியதன்று. ஆதலின் இதனோடு நிறுத்துகிறோம்.

இனித் திருவேங்கடத்துக்கு வருவோம். இவ்வட்டாரம் மானாவாரிக் கரிசற் பூமி. பவானி ஆற்றின் ஈரமெல்லாம் இங்கே இல்லை. இங்குள்ள வேளாண்மைக் கடன் சங்கம் ஒன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். நகைக் கடன் வாங்க வந்த எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டியார் திண்ணையில் அமர்ந்திருந்தார். தண்டட்டி தொங்கிய காதுகள் வெறுமையாயிருந்தன. தண்டட்டிகள் மதிப்பீட்டாளரின் தராசில் இருந்தன. விதைப் பருத்திக்குப் பணம் வேண்டுமாம். நேரம் போக்கத் தேக்கம்பட்டிப் பாட்டியாரின் கதையைச் சொன்னோம். முழுவதையும் கேட்டார். வயதைப் பற்றியோ விருதைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏய்யா, அந்த நெலம் அவுக பேருலயா இருந்துச்சு?"

ஆம் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல விசாரித்தோம். கணவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று முதல் உழவும், களையெடுப்பும், பருத்தி எடுப்பும் இவர் பொறுப்பே. பட்டாவோ இன்றும் கணவர் பெயரும் கொழுந்தனார் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. பயிர்க் கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறோம். அவற்றில் இவர் பெயர் இல்லை. ஆகவே அறுபது ஆண்டு மண்ணை அறிந்த இக்கைகளுக்குச் சங்கம் பயிர்க் கடன் கொடுக்க இயலாது. காதிற் கிடந்ததைக் கழற்றி வைத்தால் மட்டும் அவர் பெயரிலேயே கடன் உண்டு. விதி பிழையென்று நாம் கூற மாட்டோம். விதியைப் படித்துக் காட்டியபொழுது நம் குரல் தாழ்ந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

நெசவாளர் வீடுகளிலும் இத்தகையவர் உண்டு. சங்கரன்கோவில் பக்கத்துத் தறி வீடுகளில் விடியற்காலையில் இராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றும் ஆச்சியின் பெயர் கூலி ஏட்டில் ஏறுவதில்லை. அவர் சுற்றிய தாரோ ஒவ்வொரு சேலையிலும் ஊடையாக ஓடுகிறது.

மூதாட்டியாருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல், பங்கு பிரிப்பதற்குக் கொழுந்தனார் வீட்டாரின் சம்மதம், பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு. சம்மதம் என்ற சொல்லை வாசித்தபொழுது அவர் சிரித்தார். அச்சிரிப்பின் பொருளை அங்கத்தினர் அறிவர்.

தாளைத் திருப்பிக் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். பேத்தி ஏழாவது படிக்கிறாளாம். அவளை வாசிக்கச் சொல்லி மறுபடியும் கேட்க வேண்டுமாம். வேறு தாள் எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். அதனை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, கடன் பணத்தை இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிச் சென்றார்.